ஆண்டறிக்கை: ஸ்டானைட் வந்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், வாகைகுளத்திலிருந்து வந்திருக்கும் பட்டறைக்காரர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. ஐப்பசி மழையில் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் ஸ்டானைட் என்ற அந்த வெள்ளீயத் தாதுக் கல்லைப் பற்றித்தான் பேச வேண்டும்.

உறுப்பினர் ஒருவரின் மகன் பொலிவியாவிலிருந்து கொண்டுவந்த துண்டு, எலுமிச்சம்பழ அளவுதான். இரும்பு நிறம், வெயிலில் சாய்த்தால் லேசாக ஆலிவ் பச்சை தட்டும், ஓரத்தில் நீலம் படர்ந்திருக்கும். பேனாக்கத்தி அதைக் கீறியது. மெருகில்லாத பீங்கான் ஓட்டில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழுந்தது. பக்கத்தில் வைத்த காசிட்டரைட் என்ற இன்னொரு கல்லில் அதே கத்தி வழுக்கிக்கொண்டு போனது, கோடும் வெளிறித் தெரிந்தது. இரண்டும் வெள்ளீயத் தாதுதான். ஆனால் காசிட்டரைட்டில் 78 சதவீதத்துக்கு மேல் வெள்ளீயம். செம்பு, இரும்பு, கந்தகம் எல்லாம் சேர்ந்த ஸ்டானைட்டில் 27 சதவீதம் சொச்சம். சுரங்கக்காரர்கள் முதலில் காசிட்டரைட்டைத் தேடுவது அதனால்தான்.

இது எப்படி உண்டாகிறது என்று மார்கழிக் கூட்டத்தில் நெடுநேரம் பேசினோம். பூமிக்கடியில் கிரானைட் குழம்பு ஆறும்போது பிரிகிற சுடுநீர், உலோகங்களைக் கரைத்துக்கொண்டு பாறை வெடிப்புகளில் ஏறும். ஆறினால் படிந்துவிடும். கந்தகம் மிகுந்த இடத்தில் வெள்ளீயம் ஸ்டானைட்டாகிறது. செம்புத் தாதுவான சால்கோபைரைட்டும் துத்தநாகத் தாதுவான ஸ்ஃபாலரைட்டும் பெரும்பாலும் அதே வெடிப்பில் கூடவே இருக்கும்.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் கிடைத்ததை வைத்து 1797-இல் இதை முதலில் விவரித்தார்கள். பழைய பெயர் மணி வெண்கலத் தாது! அதைச் சொன்னதும் விளக்கு வார்க்கும் அண்ணாச்சி ஒருவர் கல்லைக் கையில் வாங்கி, "செம்பும் வெள்ளீயமும் ஒரே கல்லுக்குள்ளயா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆமாம், ஒரே கல்லில்தான். ஆனால் அப்படியே உருக்கினால் வெண்கலம் வராது. வறுத்துக் கந்தகத்தைப் போக்க வேண்டும், இரும்பைக் கசடாகப் பிரிக்க வேண்டும்.

இன்னொன்று. பள்ளிக்கூடங்களில் இந்தக் கல்லைக் காட்டும்போது வெறுமனே 'ஈயம்' என்று யாரும் சொல்ல வேண்டாம். காரீயம் நஞ்சு. நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு முதலில் தெரியட்டும்.

ஆதிச்சநல்லூர் அருங்காட்சியகத்துக்குத் தை மாதம் போவதாக முடிவாகியிருக்கிறது. அங்கே வெண்கலப் பொருள்களைப் பார்க்கும்போது இந்தக் கல்லும் நம் கையில் இருக்கும். வருகிறவர்கள் பொருளாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்