ஞாயிறு கூட்டம்: லாரி கம்பெனி வேலையை இடம் மாற்றும்போது யாரைக் கேட்க வேண்டும்?

தோழர்களே, வணக்கம். டிப்போவைத் திடீரென்று மூடினால் அமெரிக்க லாரி ஓட்டுநர்கள் என்ன செய்வார்கள் என்று போன வாரம் ஒரு தோழர் கேட்டார். ஞாயிறன்று அதைத்தான் பேசப்போகிறோம்.

அங்கே லாரி ஓட்டுநர்களின் பெரிய தொழிற்சங்கமான டீம்ஸ்டர்ஸ் 1964இல் சரக்கு லாரி நிறுவனங்களோடு நாடு தழுவிய ஒப்பந்தம் போட்டது. அந்த ஒப்பந்த முறையில், சரக்கு முனையத்தை மூடவோ வேலையை வேறு ஊருக்கு மாற்றவோ நிறுவனம் முதலில் எழுத்தில் கொடுக்க வேண்டும். சங்கமும் நிறுவனங்களும் சம எண்ணிக்கையில் உட்காரும் குழு அதை விசாரிக்கும். பாதிக்கப்படும் கிளைச் சங்கங்கள் நேரில் பேசலாம். குழு ஒப்புக்கொண்டால்தான் மாற்றம். வேலை போகும் ஊருக்கு ஓட்டுநரும் தன் பணிமூப்போடு போக வழி உண்டு. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. இருபது வருட சர்வீஸ் ஒரே இடமாற்றத்தில் அழிந்துவிடக் கூடாது, இல்லையா?

எல்லாமே சுமுகமாக முடிவதில்லை. யெல்லோ என்ற அமெரிக்க சரக்கு லாரி நிறுவனம் நாட்டின் மேற்குப் பகுதியில் கேட்ட மாற்றத்துக்கு 2022இல் ஒப்புதல் கிடைத்தது. அடுத்த கட்டத்தில் நெடுந்தூர ஓட்டுநர்களில் பலர் சரக்கு ஏற்றி இறக்கவும் வேண்டும் என்றபோது சங்கம் எதிர்த்தது. 2023 ஜூலை 30 அன்று நிறுவனம் ஓட்டத்தையே நிறுத்தியது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. சங்கத்தால்தான் என்றது நிர்வாகம். நிர்வாகக் கோளாறு என்றது சங்கம். நேரம் இருந்தால் இதை விரிவாகவே பேசலாம்.

மாலை 6 மணி, வழக்கமான இடம். ஓட்டுநர் தோழர்கள் கட்டாயம் வாருங்கள்.