அலை உயரமும் ரேடாரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர ரேடார் பற்றிய தங்கள் கட்டுரையில் ஒரு வரி உறுத்தியது. ரேடார் அலையின் உச்சியையும் அடியையும் 'பார்த்து' உயரத்தைச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அப்படி எதையும் அது பார்ப்பதில்லை.

இந்த ரேடார்கள் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலைகளைக் கடல்மீது அனுப்புகின்றன. அவற்றின் நீளத்தில் சரிபாதி நீளமுள்ள கடல் அலைகளிடமிருந்துதான் பலத்த எதிரொலி வரும். 12 மெகாஹெர்ட்ஸ் என்றால் ரேடியோ அலை 25 மீட்டர், கடல் அலை பன்னிரண்டரை மீட்டர். 1955-இல் ஆய்வாளர் கிராம்பி இதை எடுத்துச் சொன்னார். ஆழமான நீரில் அந்த அலை ஓட வேண்டிய வேகம் கணக்கில் தெரியும். எதிரொலி காட்டும் வேகத்திலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது நீரோட்டத்தின் வேகம். அதனால் நீரோட்டத்தை அளப்பது எளிது.

உயரம் அப்படியல்ல. இரண்டு கடல் அலைகள் கூடி உண்டாக்கும் மங்கலான எதிரொலி ஒன்று, அதிர்வெண் அளவில் பலத்த எதிரொலியின் இருபுறமும் ஒட்டி நிற்கும். கடல் பொங்கப் பொங்க அதுவும் பெருகும். இரண்டுக்கும் உள்ள விகிதத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடலாம் என்பதற்கு 1970-களில் வழிகாட்டியவர் ஆய்வாளர் பாரிக். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இரண்டு எதிரொலிகளும் ஒரே ஆன்டெனா வழியாக, ஒரே தூரத்தைக் கடந்து வருவதால், வழியில் நேரும் இழப்பு விகிதத்தில் தானாகவே கழிந்துவிடுகிறது. ரேடாரின் சக்தியைத் துல்லியமாக அறியாமலே அலையை அளக்க முடிகிறது!

ஆனால் மங்கலானது மங்கலானதுதான். கடல் அமைதியாக இருந்தால் அது இரைச்சலில் மூழ்கிவிடும். நீரோட்டம் தெரியும் தொலைவு வரை அலை உயரம் தெரியாது. கடல் மிகவும் கொந்தளித்தாலோ இரண்டு எதிரொலிகளையும் பிரிக்கவே முடியாது. 25 மெகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு ஏறக்குறைய 4 மீட்டரிலேயே இந்த நிலை வந்துவிடும். புயல் அலைக்குக் குறைந்த அதிர்வெண் வேண்டும், அதற்கோ சிற்றலைகள் பிடிபடா. அதிர்வெண்ணைச் சொல்லாமல் 'துல்லியமான ரேடார்' என்று எழுதுவது, நிறுக்கப்போவது பொன்னா நெல்லா என்று கேட்காமல் தராசைப் புகழ்வது போல.

மிதவைக் கருவி 3 மீட்டர் என்றும் ரேடார் இரண்டரை என்றும் காட்டினால் உடனே ஒன்றைப் பொய்யாக்கவும் வேண்டாம். மிதவை அளப்பது ஓர் இடத்தை. ரேடார் சொல்வது பல சதுர கிலோமீட்டரின் சராசரி.

அந்த '3 மீட்டர்' கூட உச்ச அலையின் உயரமல்ல. அலைகளில் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. தனி அலை ஒன்று அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு எழக்கூடும். கட்டுரையோடு நீங்கள் வெளியிட்ட அலை உயர வரைபடத்தை நம்பிப் படகில் கிளம்புகிறவர்களும் இருக்கக்கூடும். அடுத்த முறை இந்த விளக்கத்தையும் ரேடாரின் அதிர்வெண்ணையும் படத்தின் கீழேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்