மியூனிக்கில் கூவிளம்

மியூனிக்,
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பா,

இங்கே நான் நலம். இருமல் விட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அவள் கொடுத்தனுப்பிய சுக்குப்பொடி தீரப்போகிறது. அறையிலிருந்து லுட்விக் தெருவிலுள்ள அரசு நூலகத்துக்கு நடந்து போவதற்குள் குளிரில் காது மரத்துப்போகிறது. நூலக வாசலில் நான்கு கற்சிலைகள் உட்கார்ந்திருக்கின்றன, அவற்றில் ஒருவர் ஹோமர். காலையில் அவர் மடி நிறையப் பனி கிடக்கும்.

லத்தீனை எப்படிப் படிக்கிறாய், புத்தகமெல்லாம் கிடைக்கிறதா என்று கேட்டீர்களே, அதைப் போனில் சொல்லி முடியாது. இந்தப் பருவத்தில் பாடம் ரோமானியக் கவி வெர்கிலின் 'ஈனிட்' காவியம். மொத்தம் 12 காண்டம், பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த அடிகள். கி.மு. 19-ல் அவர் இறக்கும்போது காவியம் முழுதாகத் திருந்தவில்லை. ஆங்காங்கே பாதியில் நிற்கும் அடிகள் இன்றும் அப்படியேதான் அச்சாகின்றன.

முதல் இரண்டு மாதம் தப்பாகப் படித்தேன். ரெக்லாம் பதிப்பகத்தின் கையடக்கப் புத்தகங்கள் இங்கே எல்லா மாணவர் பையிலும் இருக்கும். இருமொழிப் பதிப்பு என்றால் ஆரஞ்சு அட்டை. ஒரு பக்கம் லத்தீன், எதிர்ப்பக்கம் ஜெர்மன். ஜெர்மனைப் படித்துவிட்டு, லத்தீன் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் காண்டம், 707-ஆம் அடி. ட்ராய் நகரம் எரிகிறது. காவிய நாயகன் ஈனியாஸ் தன் கிழத் தகப்பனைத் தோளில் ஏறிக்கொள்ளச் சொல்கிறான்: "எர்கோ அகெ, காரெ பதெர், கெர்வீகீ இம்போனெரெ நோஸ்த்ராய்." 'இம்போனெரெ' என்ன வடிவம் என்று பேராசிரியர் கேட்டார். 'வைக்க' என்று எச்சமாகச் சொன்னேன். வகுப்பே அமைதியானது. அங்கே அது ஏவல் வினை, 'ஏறிக்கொள்ளுங்கள்' என்று பொருள். இரண்டுக்கும் வடிவம் ஒன்றுதான், அதனால் அகராதி மட்டும் காப்பாற்றாது. இரண்டாம் காண்டத்துக்கு ஆஸ்டின் 1964-ல் எழுதிய உரை கையெட்டும் தூரத்தில் இருந்தும் நான் திறக்கவில்லை. வெறும் பொழிப்புரையை வைத்துக்கொண்டு செய்யுள் படிக்காதே என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்!

அன்றிலிருந்து உங்கள் வழிக்கே வந்துவிட்டேன். முதலில் அசை. லத்தீன் நூல்களில் பெரும்பாலும் குறில் நெடில் குறியிருக்காது. அகராதியில் பார்த்து, ஒவ்வொரு அடியையும் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் நெடில் தானாகவே கண்ணில் படுகிறது! முதல் அடி இப்படி:

அர்ம வி / ரும்குவெ க / னோ த்ரோ / யாய் குவீ / ப்ரீமுஸ் அப் / ஓரீஸ்

கூவிளம், கூவிளம், தேமா, தேமா, கூவிளம், தேமா. கூவிளம் என்றால் இங்கே ஒரு நீண்ட அசையும் இரண்டு குறுகிய அசையும், தேமா என்றால் இரண்டு நீண்ட அசை. ஓரடிக்கு ஆறு சீர். முதல் நான்கும் கூவிளமாகவோ தேமாவாகவோ வரலாம். ஐந்தாவது பெரும்பாலும் கூவிளம். ஆறாவது தேமா, அதன் கடைசி அசை மட்டும் குறிலானாலும் ஏற்பார்கள். ஆனால் தனிக்குறில் நேராகும் நம் விதி இங்கே செல்லாது, நெடிலோ ஒற்றடுத்த குறிலோ வேண்டும். ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் முன்சொல்லின் அந்த உயிர் விழுந்துவிடும், நம் 'நாடு இல்லை' 'நாடில்லை' ஆவதைப் போல. இங்கே 'உம்' என்று முடிகிற சொல்லின் அந்த ஈறும் அப்படியே விழும்.

அடுத்தது கொண்டுகூட்டு. மேலே உள்ள அடியில் 'ட்ராயின்' என்ற சொல் ஓரிடத்தில், 'கரையிலிருந்து' என்பது அடியின் கடைசியில். வேற்றுமை உருபைப் பிடித்துத்தான் இரண்டையும் சேர்க்க வேண்டும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது ஃபார் என்பவர் முதல் ஆறு காண்டங்களுக்கு 1930-ல் போட்ட பதிப்பு. மூலத்துக்குக் கீழேயே அருஞ்சொற்பொருள், அதற்குக் கீழே இலக்கணக் குறிப்பு, பக்கம் புரட்டவே வேண்டாம். மொழிபெயர்ப்பை இப்போது கடைசியில்தான் திறக்கிறேன்.

போன வாரம் ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். பழைய அரண்மனையில் லத்தீன் பேரகராதி தயாராகிறது. 1894-ல் தொடங்கிய வேலை, இன்னும் முடியவில்லை. கி.பி. 200 வரை கிடைத்த நூல்களிலிருந்து ஒவ்வொரு சொல்லும் வருகிற ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சீட்டு. எல்லாக் காலத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கோடிச் சீட்டு பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறது. மஞ்சளேறிய ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார்கள், ஓரமெல்லாம் கைபட்டு மழுங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் உங்களைக் கூட்டிவர முடியவில்லையே என்றிருந்தது.

இன்னொன்று சொல்ல மறந்தேனே. வெர்கில் பிறந்தது மாந்துவாவுக்குப் பக்கத்தில். வீரமாமுனிவர் 1680-ல் பிறந்த காஸ்திலியோனேயும் அதே மாந்துவா வட்டாரம்தான்! சேசு சபைப் பள்ளிகளில் வெர்கில் பாடம், ஆகவே இந்த அடிகளைப் படித்துவிட்டுத்தான் அவர் நம் பக்கம் வந்திருப்பார். லத்தீனில் அவர் எழுதிய கொடுந்தமிழ் (பேச்சுத்தமிழ்) இலக்கணம் அச்சானது நம் தரங்கம்பாடியில். எகர ஏகார வேறுபாட்டை எழுத்தில் காட்டியவர் அவர் என்று நீங்கள் வகுப்பில் சொல்வீர்களே, அந்த 'கெ'யையும் 'கே'யையும் வைத்துத்தான் இங்கே அவர் ஊர்க்காரரின் கவிதையை அசை பிரிக்கிறேன்.

'காரெ பதெர்' என்பது விளி, நம் எட்டாம் வேற்றுமை. இந்தக் கடிதம் தொடங்குவதும் அதே இரண்டு சொல்லில்தான், அப்பா.

தேம்பாவணியில் நாட்டுப் படலம் மட்டும் படமெடுத்து அனுப்புங்கள், உங்கள் பென்சில் குறிப்போடு. புத்தகம் மாடி அலமாரியில் இருக்கிறது. முழங்கால் வலியோடு நீங்கள் படி ஏற வேண்டாம், தம்பியை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
மலர்