கழுவினால் தீராதது

அன்பு மகளுக்கு,

அப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து போட்டுக்கொள்ள அவர் பண்ணுகிற அழிச்சாட்டியத்தை எழுதத் தொடங்கினால் சொல்ல வந்தது நின்றுபோகும் என்பதால் அதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

விடுமுறைக்கு வந்திருந்த ஒன்பது நாளும் நீ நாளுக்கு மூன்று முறை குளித்தாய். என் பக்கத்தில் உட்காராமல் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாய். நீ கிளம்பிய பிறகு குளியலறை அலமாரியில் வாசனைத் திரவப் புட்டி ஒன்றைப் பார்த்தேன். எந்த இடத்தைக் கழுவுவதற்கு என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. தொலைபேசியில் இரண்டு முறை கேட்க வாயெடுத்தேன். இரண்டு முறையும் உனக்கு வேலை வந்துவிட்டது. உனக்கு வெள்ளைப்படுதலும் அதோடு ஒரு வாடையும் இருக்கிறது என்பது என் ஊகம். அது தவறாக இருந்தால் இதைக் கிழித்துப் போட்டுவிடு, வருத்தப்பட மாட்டேன்.

அந்த வாடை அழுக்கினால் வருவதில்லை. யோனிக்குள் லாக்டோபேசிலஸ் என்னும் நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 4.5-க்கு மேல் போகாமல் வைத்திருக்கின்றன (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்). அவை குறைந்து, எப்போதும் சிறிதளவு இருக்கக்கூடிய கார்ட்னரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்கள் பெருகும்போது அமிலத்தன்மை குறைகிறது. சாம்பல் கலந்த வெண்மையில் நீர்த்த வெள்ளைப்படுதலும் மீன் வாடையும் உண்டாகின்றன. மாதவிடாய் இரத்தமும் விந்தும் காரத்தன்மை உடையவை என்பதால் அந்நேரங்களில் வாடை கூடும். இதற்குப் பாக்டீரியல் வஜினோசிஸ் என்று பெயர். பலருக்கு எந்த அறிகுறியும் இன்றியே வந்து போகும் அளவுக்குச் சாதாரணமானது. சோப்பும் வாசனைத் திரவமும் அந்த நல்ல பாக்டீரியாக்களைத்தான் முதலில் அழிக்கின்றன. நீ கழுவக் கழுவ வாடை கூடியிருக்கும், கூடியதைக் கண்டு மேலும் கழுவியிருப்பாய். உள்ளே எதையும் ஊற்றிக் கழுவாதே. வெளியே வெறும் தண்ணீர் போதும்.

மருந்துக் கடையில் நீயாகக் கேட்டு வாங்காதே. கடைக்காரர்கள் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்றுக்கான மருந்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது வேறு நோய்: தயிர்த் திப்பிபோலப் படும், அரிப்பு அதிகம், வாடை இராது. பெண் மருத்துவர் ஒருவரிடம் போ. அவர் சிறிது திரவத்தை எடுத்து பி.எச். பார்ப்பார், நுண்ணோக்கியில் பாக்டீரியாக்கள் அப்பிக்கொண்டிருக்கும் செல்களைத் தேடுவார். வலிக்கிற பரிசோதனை அன்று. வழக்கமாக மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு இரு வேளை, 7 நாள் தருவார்கள்; அல்லது உள்ளே வைக்கும் ஜெல்லோ கிளிண்டமைசின் களிம்போ தருவார்கள். வாயில் உலோகச் சுவை தட்டும், குமட்டலாம். மூன்றாம் நாளே வாடை நின்றாலும் ஏழு நாளையும் முடி. எதையும் பாதியில் விடாதவள் நீ என்று எல்லாரிடமும் பெருமை பேசுகிறேன். காய்ச்சல் மாத்திரையை மட்டும் பாதியில் விடுவாய் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

ஓர் ஆண்டுக்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இது திரும்பி வருகிறது. வந்தால் உன் தவறென்று எண்ணாமல் மறுபடியும் மருத்துவரிடம் போக வேண்டும். உனக்குத் துணை யாரேனும் உண்டா என்று மருத்துவர் கேட்பார். நான் கேட்கவில்லை. அவரிடம் உண்மையைச் சொல். ஆண் துணைக்கும் சேர்த்து மருந்து கொடுத்தால் திரும்பி வருவது குறைகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வொன்று 2025-இல் காட்டியிருக்கிறது. தானாகச் சரியாகிவிடும் என்றும் விட்டுவிடாதே. இது இருக்கும்போது எச்.ஐ.வி. உள்ளிட்ட பாலுறவுத் தொற்றுகள் எளிதில் பற்றும்; கருவுற்றிருக்கும்போது இருந்தால் குறைப்பிரசவத்துக்கான வாய்ப்பு கூடும்.

இவ்வளவு தெரிந்தவள் முன்பே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்கலாம். முப்பது ஆண்டுகள் உயிரியல் நடத்திய நான், அந்தப் பாடம் வரும்போதெல்லாம் படத்தைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு, "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று அடுத்ததற்குப் போய்விடுவேன். பதினைந்து வயதில் நீ உள்ளாடையைக் கையில் சுருட்டி மறைத்துக்கொண்டு என்னிடம் வந்தபோது, அதை வாங்கிக்கூடப் பார்க்காமல், "சுத்தமாக இருந்தால் இதெல்லாம் வராது" என்றேன். கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து கொடுத்ததும் நான்தான். அன்று உனக்கு வந்தது அந்த வயதில் எல்லாருக்கும் படும் இயல்பான வெள்ளையாக இருந்திருக்கலாம். உன் தம்பி பிறந்த பிறகு எனக்கே இந்த நோய் இரண்டு ஆண்டுகள் இருந்தது. முதுகுவலி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் தனியறையில் படுத்தேன். அவருக்கு இன்றுவரை தெரியாது. கடைசியில் ஏழு நாள் மாத்திரையில் தீர்ந்தது. அதன் பிறகும், நான்கு ஆண்டுகள் கழித்து நீ வந்து நின்றபோது, என் வாயில் வந்தது சுத்தம் என்ற சொல்தான்.

அந்தப் புட்டியைக் கொட்டிக் கழுவி எறிந்துவிட்டேன். விலை கூடியதென்று கோபித்துக்கொள்வாய், கோபித்துக்கொள். சீட்டையோ சோதனை முடிவையோ எனக்கு அனுப்ப வேண்டாம். மருத்துவரைப் பார்த்ததும் "போய் வந்தேன்" என்று மட்டும் எழுது. அப்பா அருகில் இருக்கும்போது செய்தி வந்தாலும், எங்கே போய் வந்தாய் என்று அவர் கேட்க மாட்டார். கேட்டால் நானே சொல்கிறேன், என் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து.

அம்மா