பழைய என்ஜினை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் தேய்ந்த என்ஜினை மாற்றிவிடுவதே மேல் என்று தங்கள் நாளிதழில் வெளியான கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. 1961இல் அறிமுகமான ஜாகுவார் இ-டைப்பின் 3.8 லிட்டர் என்ஜினை எடுத்துக்கொண்டால், அதன் பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த முக்கிய உடற்பகுதி) வார்ப்பிரும்பால் ஆனது. சிலிண்டர் தேய்ந்திருந்தால் போரிங் செய்து, அதாவது துளையைச் சற்று அகலமாகக் கடைந்து, பெரிய பிஸ்டன் போடலாம், அதற்கும் இடமில்லையெனில் புதிய ஸ்லீவ் (உள் உறைக்குழாய்) இறக்கலாம். புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது என்பதெல்லாம் மாற்றுவதற்குக் காரணமாகா. பிளாக்கில் பதித்த எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டில் அந்தக் காருக்கு உள்ள எண்ணும் ஒத்திருந்து, அது அசல் என்ஜின்தான் என்று தெரிவதற்காகவே வாங்குபவர் கூடுதல் விலை தருகிறார். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துவிட்டால் (அதையும் உலோகத் துண்டுகளால் தைத்துச் சரிசெய்யும் கைகாரர்கள் உண்டு) வேறு என்ஜின் தேடலாம். அப்போதும் பழையதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்தி, காரை விற்கும்போது உடன் ஒப்படைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்