கேளிக்கைப் பூங்காவில் முதியவர்களுக்கும் வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறைக்காகத் தாங்கள் வெளியிட்ட சுற்றுலா இணைப்பைப் படித்தேன். கேளிக்கைப் பூங்காக்கள் பற்றிய பக்கத்தில் கட்டணம், நேரம், புதிதாக வந்திருக்கும் ராட்டினங்கள், சாப்பாட்டு வசதி என்று எல்லாம் இருந்தன. நடக்கச் சிரமப்படும் ஒருவரை அழைத்துப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வரி இல்லை. எங்கள் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வரிதான்.

என் பெரியம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடப்பார், வெளியே போனால் சக்கர நாற்காலிதான். என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர் என்பதால், "பாட்டி வந்தாதான் நாங்க வருவோம்" என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். சரியென்று மே மாதத்தில் சென்னைக்கு அருகே ஒரு பூங்காவுக்குப் போனோம். முன்கூட்டியே போன் செய்து கேட்டதற்கு, "வீல்சேர் இருக்கு, வாங்க" என்றார்கள். வீல்சேர் இருந்தது. அதை உருட்டிக்கொண்டு போகத்தான் வழி இல்லை.

பெரியம்மா ராட்டினம் ஏற வரவில்லை. பிள்ளைகள் சுற்றி வரும்போது கையசைக்க வேண்டும், அலைக்குளத்தில் அவர்கள் குதிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. அலைக்குளத்தின் ஓரமாக நிழற்கூரை போட்டு நல்ல இருக்கைகள் வைத்திருந்தார்கள். அங்கே போக மூன்று படி ஏற வேண்டும். படிக்குப் பக்கத்தில் சாய்தளம் என்று ஒன்று இருந்தது, சாமான் வண்டி ஏற்றுவதற்குப் போட்டதுபோல அவ்வளவு செங்குத்து. ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டு நெறி. மூன்று படி ஏறக்குறைய ஒன்றரை அடி, அப்படியென்றால் சாய்தளம் 18 அடி நீளம் இருந்திருக்க வேண்டும். அங்கே ஆறடிகூட இராது. நானும் கணவரும் சேர்ந்து தள்ளியதில் நாற்காலி பின்பக்கம் சாய்ந்து, பெரியம்மா நன்றாகப் பயந்துவிட்டார்.

அங்கே வேலை பார்க்கும் பையன்கள் ஓடி வந்து, நாற்காலியோடு அவரைத் தூக்கி மேலே வைத்தார்கள். நல்ல பிள்ளைகள், அவர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஈரத் தரையில் ஒருவர் கால் வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பதறுகிறது. சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பெரியம்மா முந்தானையை இழுத்துப் பிடித்துத் தலையைக் குனிந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு தம்ளர் தண்ணீர் வேண்டுமென்றால்கூட அடுத்தவரிடம் கேட்கத் தயங்குவார்.

அதற்கப்புறம் அவர் தண்ணீரே குடிக்கவில்லை. கழிப்பறைக் கதவில் நாற்காலி நுழையாது, வாசலில் உயரமான தடுப்புப் படி, உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. இதையெல்லாம் ஒருமுறை பார்த்ததுமே, இனி அங்கே போகும்படி ஆகக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர், மே மாத வெயிலில், வாயை நனைக்காமல் மாலை வரை உட்கார்ந்திருந்தார். காருக்கு வந்தபின், "இனிமே என்னைக் கூப்பிடாதீங்கம்மா, நீங்களாவது நிம்மதியா இருந்துட்டு வாங்க" என்றார். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு மட்டுமின்றித் தனியார் சேவை நிறுவனங்களும் விதிகள் வெளியாகி இரண்டு ஆண்டுகளுக்குள் தடையற்ற வசதி செய்து தர வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்துவிட்டன. அந்த விதிகளில் அணுகல் தரங்கள், அதாவது எல்லோரும் தடையின்றிப் பயன்படுத்த வசதிகள் எப்படி இருக்க வேண்டும் என்ற வரையறைகள், வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கே முரண் என்று, ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கவும் உத்தரவிட்டது. என் பெரியம்மாவிடம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடையாது, அவரைப் போன்ற முதியவர்கள் பலரிடமும் இருக்காது. சாய்தளத்தில் ஏற அட்டை எதற்கு? சரியாகக் கட்டினால் கைக்குழந்தை வண்டி தள்ளும் தாய்க்கும் அது உதவும்.

செலவாகும், இடம் இல்லை என்பார்கள். மெரினா மணலிலேயே சக்கர நாற்காலி போக மரப்பாதை போட்டு 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, அதையும் சரிசெய்தார்கள். 602 ஹெக்டேர் பரப்புள்ள வண்டலூர் உயிரியல் பூங்காவில் பேட்டரி வாகனம் ஓடுகிறது. திருமலையில் 65 வயது ஆனவர்களுக்குத் தனி வரிசை இருக்கிறது. நுழைவுக் கட்டணமாக ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் ஒரு தனியார் பூங்காவால் இது முடியாதா?

கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்த ராட்டினத்திலும் ஏறாத பெரியம்மாவுக்கும் எல்லா ராட்டினங்களுக்கும் சேர்த்தே சீட்டு வாங்கினோம், மூத்த குடிமக்கள் சலுகை என்று கொஞ்சம் குறைத்தார்கள். பார்க்க மட்டும் வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு சீட்டு வைத்தால், வீட்டுப் பெரியவர்களைத் தயங்காமல் அழைத்து வருவார்கள். 2021 கணிப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். பேரப்பிள்ளைகளோடு ஒரு நாள் கழிக்க விரும்பாதவர்களா அவர்கள்?

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுலா இணைப்பில் பூங்காக்களைப் பற்றி எழுதும்போது, வாசலிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் படி இல்லாமல் போக முடியுமா, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்கிறதா, பார்வையாளர் சீட்டு உண்டா என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே போடுங்கள். முடிந்தால் தங்கள் நிருபர் நேரில் போய்க் கழிப்பறைக் கதவை அளந்து பார்க்கட்டும். பதில் தராத பூங்காவின் பெயருக்கு எதிரே "பதில் இல்லை" என்று அச்சிடுங்கள். காலாண்டு விடுமுறைக்குள் இது வந்தால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மிகவும் உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குரோம்பேட்டை.