மரியானோஸும் அவர் மகனும்

அன்புள்ள ரவி,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

'யூதர்கள் உருவமே வரைய மாட்டார்கள், பத்துக் கட்டளையிலேயே தடை' என்று செல்வம் கடையில் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினாயே, பெத் ஆல்பாவின் படங்களைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுடா. வடக்கு இஸ்ரேலில் இருக்கும் ஆறாம் நூற்றாண்டு யூத ஜெப ஆலயம். 1928இல் கிபுட்ஸ் என்ற கூட்டுப் பண்ணைக்காரர்கள் பாசன வாய்க்கால் வெட்டும்போது அதன் மொசைக் தரை அகப்பட்டது. நடுவில் ராசிச் சக்கரம்! பன்னிரண்டு ராசிகளும் சுற்றி நிற்க, மையத்தில் நாலு குதிரைத் தேரில் சூரியன். ஆலயத்தில் இது எதற்கு என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், அதை நம் விஸ்வம் பார்த்துக்கொள்வான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வாசலை ஒட்டிய படம்தான். கடவுள் சொன்னாரென்று ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகிறார். ஒரு கையில் கத்தி, மறு கையில் பையன், பக்கத்தில் பீடத்தில் தீ எரிகிறது. கடவுளுக்கு முகமே இல்லை, மேலிருந்து ஒரு கை மட்டும் நீள்கிறது, அதன் கீழே, பையன்மேல் கையைப் 'போடாதே' என்று எபிரேயத்தில் எழுதியிருக்கிறது. பையனுக்குப் பதிலாகப் பலியாகப் போகும் ஆட்டுக்கடா மரத்தில் கட்டுண்டு செங்குத்தாகத் தொங்குகிறது. தரையின் மறுமுனையில், வேதச்சுருள் வைக்கும் பேழைக்கும் ஏழு கிளை விளக்குகளுக்கும் அருகே, ஆட்டுக்கொம்பு. யூதர்கள் புத்தாண்டில் ஊதும் கொம்பு அந்தக் கடாவைத்தான் நினைவூட்டுகிறது என்பது அவர்கள் மரபு. சிரியாவில் துரா யூரோப்போஸ் என்ற பழைய நகரின் ஜெப ஆலயத்தில், மூன்றாம் நூற்றாண்டுச் சுவரோவியத்திலும் இதே காட்சி, அதே கை. ஆனால் அங்கே ஆபிரகாம் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். அந்த நேரத்துத் தகப்பன் முகத்தை எவனால்தான் வரைய முடியும்!

இதையெல்லாம்விட எனக்குத் தூக்கம் போனது ஒரு கல்வெட்டால். பெத் ஆல்பா வாசலில், அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே, தரையைச் செய்தவர்களின் பெயர் கிரேக்கத்தில் இருக்கிறது: மரியானோஸ், அவர் மகன் ஹனினா. அப்பனும் பிள்ளையும் குனிந்து உட்கார்ந்து, கத்தி ஓங்கிய அப்பனையும் பிள்ளையையும் சின்னச் சின்னக் கல்லாக அடுக்கியிருக்கிறார்கள். கத்தியை யார் அடுக்கியிருப்பார்கள், பையனின் முகத்தை யார்? யோசித்துப் பார்.

ரவி, கார்த்தி நேற்று எனக்குப் போன் பண்ணினான். படிப்பை விட்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அப்பா மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்றுதான் கேட்டான். இத்தனை மாதம் பேசாமல் இருந்தது போதும், நீயே கூப்பிடு.

பொங்கலுக்கு வருகிறேன். ராசிச் சக்கரத்தைப் பற்றி விஸ்வத்திடம் வாயைத் திறக்காதே, நான்தான் சொல்வேன்.

அன்புடன்,
மணி